காணாமல் போன ஐந்து முகங்கள்

அத்தியாயம் 4

இராமையா நான்காவது மீன் ரோல்ஸைக் கடித்துக்கொண்டிருந்தபோது மண்டபத்தின் மறுகோடியிலிருந்து ஒரு பெண்ணின் அலறல் கேட்டது. ரோல்ஸை வைத்துவிட்டு ஓடுவதா, கையோடு எடுத்துக்கொண்டு ஓடுவதா என்று ஒரு கணம் யோசித்தார். எடுத்துக்கொண்டே ஓடினார்.

நுவரெலியா ஏரிக்கு மேலே இருந்த ஒரு ஹோட்டலின் பெரிய மண்டபம் அது. மலையகத்துத் தொண்டு அமைப்புகளும் அவற்றுக்கு உதவும் நன்கொடை நிறுவனங்களும் ஒன்றுகூடும் நாள். காலையிலிருந்து பயிற்சி. மூன்று மணிக்குக் கொழும்பிலிருந்து ஒரு அறக்கட்டளையார் வருவார்கள். மண்டபத்தில் மேசை போட்டிருக்கும் ஆறு அமைப்புகளும் ஆளுக்கு ஐந்து நிமிடம் அவர்கள் முன்னால் பேச வேண்டும். யார் மனதில் நிற்கிறார்களோ அவர்களோடு அறக்கட்டளை மூன்று வருடம் சேர்ந்து வேலை செய்யும்.

இராமையா தொண்டும் செய்பவரல்ல, நன்கொடையும் கொடுப்பவரல்ல. இருபத்தாறு வருடம் ஹட்டன் டிப்போவில் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று வருடமாகத் துப்பறியும் நிபுணர் சுலக்ஷனாவின் உதவியாளர். ஹட்டன் பஜாரில் ஒரு ஜவுளிக்கடையின் மேல்மாடியில் அலுவலகம் வைத்திருக்கும் சுலக்ஷனாவை, போலி ஆவணங்களைக் கண்டுபிடிப்பது எப்படி என்று இரண்டு மணிக்கு ஒரு வகுப்பெடுக்க அழைத்திருந்தார்கள். வகுப்பு அவளுக்கு, சாப்பாடு தனக்கு என்று இராமையா வேலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

அலறியது கண் சிகிச்சை அமைப்பைச் சேர்ந்த பெண். அவளுடைய பேனரில் ஒரு பெண்மணியின் முகம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஓட்டை. ஓட்டை வழியே பின்னாலிருந்த ஜன்னலும் பனிமூட்டமும் தெரிந்தன.

"எங்களோடதும் போச்சு," என்றது பக்கத்து மேசை.

ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்ததில் ஐந்து மேசைகளில் ஐந்து ஓட்டைகள். எல்லோரும் சாப்பாட்டு மேசையை மொய்த்துக்கொண்டிருந்த அரைமணி நேரத்தில் யாரோ வெட்டி எடுத்திருக்கிறார்கள். ஆறாவது மேசை மட்டும் அப்படியே இருந்தது.

அது அம்மாக்கண்ணுவின் மேசை. உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டங்களில், பிரசவ வலி எடுத்த பெண்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க இரண்டு வேன்கள் ஓட்டுகிற சிறிய சங்கத்தின் தலைவி. ஐம்பது வயது. ஊதா நிற ஸ்வெட்டர். தன் பேனர் தப்பித்ததற்குச் சந்தோஷப்படுவதா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.

"இதுல துப்பறிய என்ன இருக்கு?" என்றார் ஜீவராஜ். 'பசுமை விடியல்' என்ற பெரிய அமைப்பின் இயக்குநர். மண்டபத்தில் டை கட்டியிருந்த ஒரே ஆள். "அஞ்சு பேருக்கு நட்டம், ஒருத்தருக்கு மட்டும் ஒண்ணும் ஆகல. அறக்கட்டளைக்காரங்க வந்து பாக்கும்போது யாரோட மேசை முழுசா இருக்கும்?"

அம்மாக்கண்ணுவின் முகம் வெளிறியது. "சேர், நான் ரெண்டு வேனும் ரோட்டுல ஓடுதான்னு போன்ல கேட்டுக்கிட்டு வெளியில நின்னேன். சாப்பிடக்கூட இல்லிங்க."

"அதத்தான் நானும் சொல்றேன். எல்லாரும் சாப்பிடும்போது நீங்க மட்டும் சாப்பிடல."

கூட்டத்தை நடத்தும் பிரேமினி கையைப் பிசைந்தாள். அவளுக்கு இது முதல் பெரிய கூட்டம். மற்ற நான்கு மேசைக்காரர்களும் ஜீவராஜின் பின்னால் போய் நின்றுகொண்டார்கள். அம்மாக்கண்ணு பேசினால் தாங்கள் யாரும் பேசப்போவதில்லை என்றார்கள்.

"மிஸ்," என்று பிரேமினி சுலக்ஷனாவின் பக்கம் திரும்பினாள். "மூணு மணிக்குள்ள இது யாருன்னு தெரியணும். இல்லன்னா நான் அம்மாக்கண்ணு அக்காவப் போகச் சொல்ல வேண்டி வரும். எனக்கு வேற வழி இல்ல."

மணி ஒன்று பத்து.

சுலக்ஷனாவுக்கு நாற்பது வயது. முன்பு காப்புறுதிக் கம்பெனி ஒன்றில் பொய்க் கோரிக்கைகளைப் பிடிக்கும் வேலையில் இருந்தவள். அவசரமான நேரத்தில் மெதுவாக நடப்பாள். இப்போதும் கண்காட்சி பார்க்க வந்தவள் மாதிரி ஐந்து ஓட்டைகளையும் ஒன்றொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள்.

"என்னண்ணே தெரியுது?" என்றாள்.

"ஜன்னல் தெரியுது, மிஸ்."

"அதுக்கு இந்தப் பக்கம்?"

இராமையா குனிந்து பார்த்தார். வெட்டு ஒழுங்காக இருந்தது. முகத்தைச் சுற்றி, தலைமுடியைச் சுற்றி, காதுத் தோட்டைக்கூட விட்டுவிடாமல் வளைந்து போயிருந்தது. ஓட்டைக்குக் கீழே அமைப்பின் பெயர், தொலைபேசி எண், பக்கத்தில் சிரிக்கும் பிள்ளைகள், எதிலும் ஒரு கீறல் இல்லை.

"நல்ல கை. தையல்காரன் மாதிரி வெட்டியிருக்கு. கத்தரிக்கோலுக்குப் பஞ்சமில்ல, காலையில காகித மரம் வெட்டி ஒட்டச் சொல்லி ஒவ்வொரு மேசையிலயும் ஒண்ணு வச்சாங்க. நானும் ஒரு மரம் வெட்டினேன். பயிற்சி கொடுத்த பிள்ள அத மாடுன்னு சொல்லிருச்சு."

"கோபத்துல வந்தவன் இப்பிடி வெட்டுவானா?"

"மாட்டான். கிழிச்சுப் போட்டுட்டுப் போவான்."

"போட்டிக்கு வந்தவன்?"

"அவன் அமைப்போட பேரத்தான் எடுப்பான்." இராமையா ரோல்ஸின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டார். "இது ஏதோ ஆசையா வெட்டின மாதிரியில்ல இருக்கு."

சுலக்ஷனாவின் வலது புருவம் லேசாக உயர்ந்தது. மூன்று வருட அனுபவத்தில் அதற்கு அர்த்தம் இராமையாவுக்குத் தெரியும்: நோட்டுப் புத்தகத்தை எடு.

முதலில் ஜீவராஜ். "உங்க படத்துல இருந்தது யாருங்க?"

"கமலாதேவி." ஜீவராஜ் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "குடியால அழிஞ்ச குடும்பம். புருஷன் போத்தலால அடிச்சதுல இடது புருவத்துக்கு மேல தழும்பு. அந்தாளும் குடிச்சே செத்துப் போனாரு. இன்னைக்கு அந்தம்மா எங்க திட்டத்தால தலை நிமிர்ந்து நிக்கிறாங்க."

அடுத்தது முதியோர் கல்வி அமைப்பு. அவர்களுடைய படத்தில் இருந்தவர் செல்லம்மா. எழுத்து வாசிக்கத் தெரியாததால், பாதை மூடியிருக்கிறது என்ற பலகையைத் தாண்டிப் போய் விழுந்துவிட்டார். இடது புருவத்துக்கு மேலே தழும்பு.

சிறுத்தைகளையும் மனிதர்களையும் சமாதானமாக வாழவைக்கப் பாடுபடும் அமைப்பு மூன்றாவது. படத்தில் இருந்தவர் பூரணம். தேயிலைக் கொழுந்து மலையில் சிறுத்தையை நேருக்கு நேர் பார்த்தவர். ஒரே ஒரு நகக் கீறலோடு தப்பினார். எங்கே கீறல் என்று கேட்பதற்குமுன் இராமையாவின் பேனாவே இடது புருவம் என்று எழுதிவிட்டது.

நான்காவது மண்சரிவு நிவாரணம். மாரியாயி. லயத்து வீட்டின் கூரைத் தகரம் விழுந்து வெட்டியது. ஐந்தாவது, முதலில் அலறிய கண் சிகிச்சைப் பெண். முத்துமீனா. பார்வை மங்கிப் போய்க் கதவு நிலையில் மோதிக்கொண்டார்.

இராமையா நோட்டை மூடிவிட்டுத் தன் இடது புருவத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "மிஸ், இந்த மலையில பொம்பளைங்களுக்கு இடது புருவத்துல ஏதோ கண்டம் இருக்கு."

"அஞ்சு பொம்பளைங்க இல்லண்ணே," என்றாள் சுலக்ஷனா. "ஒரு பொம்பளை. காலையில மேசை மேசையாப் போய் போன்ல படம் எடுத்தீங்களே, அதக் காட்டுங்க."

இராமையா தயங்கினார். ஒவ்வொரு மேசையிலும் கொடுத்த பிஸ்கட்டோடு அவர் செல்ஃபி எடுத்திருந்தது உண்மை. ஆனால் அந்த ஐந்து மேசைகளின் படங்களிலும் அவருடைய முகமே முக்கால்வாசி இடத்தைப் பிடித்திருந்தது. ஒன்றில் அவர் காதுக்குப் பின்னால் ஒரு கொழுந்துக் கூடை. இன்னொன்றில் நீல முக்காடு. மூன்றாவதில் ஒரு கன்னம். ஒரு படம் வண்ணத்தில், ஒன்று கறுப்பு வெள்ளையில், ஒன்று பக்கவாட்டில். கண் சிகிச்சைப் படத்தில் மட்டும் அவர் தலைக்கு மேலே ஒரு புருவமும் தழும்பும் முழுதாகத் தெரிந்தன.

"ஒரே நாள்ல ஒரே ஆள் எடுத்த படங்க," என்றாள் சுலக்ஷனா. "இன்டர்நெட்ல போட்டிருப்பாங்க, ஆளுக்கு ஒண்ண எடுத்துக்கிட்டாங்க. அம்மாக்கண்ணு அக்கா மட்டும்தான் அவங்க வேன்ல போன தாய்மாரையே, கேட்டுப் படம் எடுத்துப் போட்டிருக்காங்க. அதனாலதான் அவங்க மேசைய யாரும் தொடல."

"இவ்வளவு பேரு இருக்காங்க, ஒருத்தருமா கவனிக்கல?"

"எல்லாரும் அவங்கவங்க மேசைக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு யாரு வர்றாங்கன்னு பாத்தாங்க. பக்கத்து மேசையில என்ன இருக்குன்னு பாக்க யாருக்கு நேரம்?" சுலக்ஷனா ஓட்டையின் விளிம்பை விரலால் தொட்டாள். "இப்ப சொல்லுங்க. ஒரு முகத்த மட்டும், முடி கூடச் சேதமாகாம வெட்டி எடுக்க யாருக்குத் தோணும்?"

"காதலிக்கிறவனுக்கு."

"இல்லன்னா?"

இராமையா ஓட்டையை இன்னொரு தடவை பார்த்தார். "முகத்துக்குச் சொந்தக்காரிக்கு," என்றார் மெதுவாக. பிறகு மண்டபத்தை நிமிர்ந்து பார்த்தார். அறுபது பேர். அதில் முப்பது பேராவது பெண்கள். எல்லோர் கழுத்திலும் பெயர் அட்டை. கொழுந்துக் கூடையோடு யாரும் இல்லை.

"கூடையும் முக்காடும் இல்லன்னா யாருக்கு அடையாளம் தெரியும்?" என்றாள் சுலக்ஷனா. "நமக்கும் ஒரு புருவம்தான் தெரியும். மூக்குக்கண்ணாடி போட்டு முடிய இழுத்து விட்டா அதுவும் போச்சு. ஒவ்வொருத்தர் நெத்தியையும் தூக்கிப் பாக்க முடியாது. நீங்க பின் வரிசையில நில்லுங்க. என் வகுப்ப நான் எடுக்கிறேன்."

"நான் என்ன பாக்கணும்?"

"அழாதவங்களப் பாருங்க."

சரியாக இரண்டு மணிக்கு சுலக்ஷனா மைக்கைப் பிடித்தாள். போலி ஆவணங்களைப் பற்றி நான்கு வார்த்தை பேசினாள். பிறகு, இன்று ஐந்து அமைப்புகள் இழந்த படங்களுக்கு மரியாதை செய்யும் விதமாக அந்த ஐந்து பெண்களின் கதைகளையும் வாசிக்கப் போவதாகச் சொன்னாள். அறிமுகமில்லாத ஆளின் சாவுச் செய்தியை வானொலியில் வாசிக்கிற குரல்.

"கமலாதேவி. இளம் வயதில் கணவரைப் பறிகொடுத்தவர்."

மண்டபம் உச்சுக் கொட்டியது. ஜீவராஜ் கைக்குட்டையை எடுத்தார், பல தடவை வாசித்த கதைக்கே அவர் கண் கலங்கியது.

"செல்லம்மா. தன் பெயரைக்கூட எழுதத் தெரியாதவர்."

பெருமூச்சு. இராமையா பின்வரிசையில் நின்றபடி தலைகளை மேய்ந்தார். டிக்கெட் எடுக்காதவனைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு வழி இருந்தது: எல்லோரும் கண்டக்டரைப் பார்க்கும்போது, அவன் மட்டும் ஜன்னலைப் பார்ப்பான். இங்கே எல்லோரும் தலையைக் குனிந்திருந்தார்கள்.

"பூரணம். சிறுத்தையை நேருக்கு நேர் சந்தித்தவர்."

ஒரு தோள் குலுங்கியது.

மூன்றாவது வரிசை ஓரம். பச்சைச் சேலை, கறுப்பு ஸ்வெட்டர், மூக்குக்கண்ணாடி. நாற்பத்தைந்து வயதிருக்கும். பக்கத்திலிருந்தவள் அழுகிறாள் என்று நினைத்து அந்தப் பெண்மணியின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். ஆனால் இராமையா சுவரோரமாக முன்னால் நகர்ந்து பார்த்தபோது தெரிந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

கூரைத் தகரம் வந்ததும் கண்ணில் நீர் வழிந்தது. கதவு நிலை வந்ததும் தாங்க முடியாமல் எழுந்து வெளியே போய்விட்டார்.

சுலக்ஷனா வகுப்பைப் பதினைந்து நிமிடத்தில் முடித்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தபோது, இராமையா அந்தப் பெண்மணிக்கு பால் சேர்க்காத ஒரு பிளேன் டீ வாங்கிக் கொடுத்திருந்தார். கழுத்து அட்டையில் 'ஒருங்கிணைப்புக் குழு' என்று எழுதியிருந்தது.

"இந்த அட்டை எப்பிடிங்க கெடச்சுது?" என்று கேட்டாள் சுலக்ஷனா.

"வாசல்ல இருந்த பிள்ள எந்த அமைப்புன்னு கேட்டுச்சு. நான் எல்லாத்துலயும் இருக்கேன்னு சொன்னேன். அது உடனே எந்திரிச்சு நின்னு இதப் போட்டு விட்டுச்சு." பெண்மணி டீயை ஊதிக் குடித்தார். "காலையிலருந்து பதினோரு பேரு வந்து கார்டு கொடுத்துட்டுப் போயிருக்காங்க. நல்ல மனுசருங்க."

கைப்பையைத் திறந்து ஐந்து முகங்களையும் எடுத்து மடியில் பரப்பினார். சுலக்ஷனா கேட்காமலேயே மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முடியை ஒதுக்கினார். இடது புருவத்துக்கு மேலே தழும்பு.

"கொய்யா மரத்துலருந்து விழுந்தது. ஒன்பது வயசுல. இதுக்குப் போயி சிறுத்தைய இழுத்துட்டாங்க பாருங்க."

அவர் பெயர் ராசம்மா. லிந்துலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறவர். எட்டு வருடத்துக்கு முன்னால் யாரோ ஒரு வெளியூர்க்காரன் மலையில் வந்து, இப்படித் திரும்புங்கள், அப்படித் திரும்புங்கள் என்று ஒரு மணி நேரம் படமெடுத்துக்கொண்டு போனான். அதை அவர் மறந்தே போயிருந்தார். போன மாதம் மகளுக்கு நோர்வூட்டிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. எல்லாம் பேசி முடித்து நிச்சயத்துக்கு நாள் பார்க்கிற நேரத்தில், மாப்பிள்ளையின் பெரியம்மா எங்கேயோ வாங்கிய ஒரு துண்டுப் பிரசுரத்தோடு வந்து நின்றார்.

"பாத்தா என் மூஞ்சி. கீழ, புருஷன் குடிச்சுச் செத்துட்டாருன்னு போட்டிருக்கு. எங்க வீட்டுக்காரரு வீரய்யா உயிரோட பக்கத்துல நிக்கிறாரு. அவரு குடிக்கிறது பிளேன் டீ மட்டும்தான். அந்தம்மா அவர மேலயும் கீழயும் பாத்துட்டு, அப்ப இவரு யாருன்னு கேட்டாங்க."

இராமையாவின் பிளேன் டீ மூக்கில் ஏறியது.

"உங்களுக்குச் சிரிப்பா இருக்கு. எம்புள்ள மூணு நாளாச் சாப்பிடல." ஆனால் ராசம்மாவின் உதட்டோரமும் துடித்தது. "அந்தத் தாள்லதான் இன்னைக்கு இங்க கூட்டமுன்னு போட்டிருந்துச்சு. சண்டை போடத்தான் வந்தேன். காலையில அந்த டை கட்டின சேர்கிட்டப் போயி, இது யாருங்கன்னு கேட்டேன். கமலாதேவி கதைய அப்பிடி உருக்கமாச் சொன்னாரு, கேட்டு எனக்கே அழுகை வந்துருச்சு. கையில ஒரு பேனாவையும் கொடுத்தாரு. மூஞ்சிக்கு முன்னாடி நிக்கிறேன், தெரியல. சரி, இவங்ககிட்டப் பேசி ஆகாது, நம்ம மூஞ்சிய நாமளே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவோம்னு வெட்டிட்டேன்."

"அதனால வேற ஒரு அம்மா மேல பழி விழுந்திருக்கு," என்றாள் சுலக்ஷனா.

ராசம்மாவின் சிரிப்பு நின்றது. "யாரு மேல?"

சுலக்ஷனா சொன்னாள். ராசம்மா டீக் கோப்பையைக் கீழே வைத்தார். ஐந்து முகங்களையும் அள்ளிக்கொண்டு மண்டபத்துக்குள் விறுவிறுவென்று நடந்தார். அம்மாக்கண்ணு தன் பேனரைக் கழற்றிச் சுருட்டத் தொடங்கியிருந்தார். ராசம்மா அவர் கையிலிருந்து பேனரை வாங்கித் திரும்ப விரித்தார்.

"வெட்டினது நான்," என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. "இந்த அக்கா இல்ல."

"நீங்க யாரு?" என்றார் ஜீவராஜ்.

ராசம்மா வெட்டிய முகமொன்றை எடுத்துத் தன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். அதை மாற்றி இன்னொன்று. பிறகு மூன்றாவது. நான்காவது முகம் வந்தபோது கண் சிகிச்சைப் பெண் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஜீவராஜ் தன் ஓட்டையையும் ராசம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். டையைத் தளர்த்திக்கொண்டார்.

"உங்க வீட்டுக்காரரு..." என்று ஆரம்பித்தார்.

"காலையில மாட்டுக்குப் புல்லு வெட்டிட்டு இருந்தாரு. அவரு செத்துட்டாருன்னு உங்க தாள்ல பாத்துட்டு, எம் மகளுக்கு வந்த சம்பந்தம் தடைப்பட்டு நிக்குது."

ஜீவராஜ் பெரிய அமைப்பின் இயக்குநர்தான், ஆனால் கெட்ட மனிதரல்ல. அம்மாக்கண்ணுவிடம் போய் நின்று, எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார். பிறகு ராசம்மாவிடம் வந்து, சம்பந்தி வீட்டுக்குத் தானே நேரில் வந்து விளக்கம் சொல்வதாக வாக்குக் கொடுத்தார். மற்ற நான்கு பேரும் தாங்களும் வருவதாகச் சொன்னார்கள். அம்மாக்கண்ணு தன் வேன்களில் ஒன்றை அனுப்புவதாகச் சொன்னார்.

"அஞ்சு டைரக்டர்மாரு ஒண்ணாப் போயி, இவரு உயிரோடதான் இருக்காருன்னு சாட்சி சொல்றதா?" என்று இராமையா சுலக்ஷனாவின் காதோரம் சொன்னார். "மாப்பிள்ள வீட்டுல பயந்துருவாங்க மிஸ்."

அப்போதுதான் வெளியே வாகனம் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. மூன்று மணி. பிரேமினி தலைமுடியைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு ஓடினாள். ஐந்து பேனர்களிலும் ஓட்டைகள் அப்படியே இருந்தன. மறைக்க நேரமில்லை. மறைக்க யாருக்கும் மனமும் இல்லை.

அறக்கட்டளையின் தலைவி ஹம்சினி உள்ளே வந்தாள். முப்பத்தைந்து வயது, கனிவான முகம். குளிருக்குக் கையைத் தேய்த்துக்கொண்டே எல்லோருக்கும் வணக்கம் சொன்னாள். கூட வந்தவர் ஒரு பெட்டியைத் திறந்து, பளபளப்பான புத்தகமொன்றை மேசைக்கு மேசை வைத்துக்கொண்டு வந்தார்.

"எங்க இந்த வருஷ அறிக்கை," என்றாள் ஹம்சினி பெருமையோடு. "நேத்துத்தான் அச்சாகி வந்திச்சு."

இராமையா ஒரு பிரதியை எடுத்தார். அட்டையைப் பார்த்தார். சுலக்ஷனாவிடம் நீட்டினார். கொழுந்துக் கூடை, நீல முக்காடு, இடது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு.

"ஆறு," என்றாள் சுலக்ஷனா.

ஜீவராஜ் வேகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள்களும் குலுங்கின. பிரேமினி இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். என்ன நடக்கிறது என்று புரியாமல் ஹம்சினி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கடைசியில் அவள் பார்வை, அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு தன்னை நோக்கி நடந்துவரும் பச்சைச் சேலைக்காரியிடம் வந்து நின்றது. அட்டைக்குப் போனது. மறுபடி முகத்துக்கு வந்தது. அந்த மண்டபத்தில் யாரும் சொல்லாமலே ராசம்மாவை அடையாளம் கண்ட முதல் ஆள் அவள்தான்.

"இது... நீங்களா?"

"நாந்தான். நல்லா வந்திருக்கு." ராசம்மா உள் பக்கத்தைத் திருப்பினார். அச்செழுத்துக்கு மேல் விரலை ஓட்டித் தேடினார். "இதுல எனக்கு என்ன பேரு போட்டிருக்கு?"

ஹம்சினியின் முகம் சிவந்தது. "இதுல... பேர் ஒண்ணும் போடலிங்க. கேக்காமப் போட்டுட்டோம். தப்புதான்."

"பேரு போடலியா," என்றார் ராசம்மா. மேசையோரமிருந்த நாற்காலியை இழுத்து, ஹம்சினிக்கு எதிரே வசதியாக உட்கார்ந்துகொண்டார். "அப்ப எழுதிக்கங்க, சொல்றேன்."